ஏடும் எலியும் பூனையும்

நூல்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஆசிரியனைப் பற்றி எழுதுவர். பதிப்பாசிரியனைப் பற்றி எழுதுவர். பொருளுதவிய புரவலனின் பெயரையோ முகப்பிலேயே பொறித்துவிடுவர். ஆனால், அச்சேறி ஐம்பது ஆண்டுகள் கழிந்த ஒரு நூல், ஓர் ஏழை மாணவனின் கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை எழுதுவோர் அரியர். இடையிலே எத்தனை கைகள்! விலைக்கு விற்ற கை, சாக்கிலே சுமந்து வந்த கை, தூசி தட்டிய கை, கிழிந்த முதுகைப் பசையிட்டு ஒட்டிய கை. இவற்றோடு, இரவெல்லாம் கண்விழித்து எலிகளிடமிருந்து அந்நூலைக் காத்த ஒரு சிறு பிராணியின் பாதங்களும் அவ்வரலாற்றிலே பதிந்துள்ளன.

யாழ் நகரின் ஒடுங்கிய ஒழுங்கையொன்றில் உள்ள பழைய புத்தகக் கடைக்கு ஒருமுறை உயர்தர வகுப்பு மாணவர் சிலரை அழைத்துச் சென்றிருந்தேன். பரீட்சை வழிகாட்டிகளுக்கும் பழைய சஞ்சிகைக் கட்டுகளுக்கும் நடுவே, ஒரு பூனை தன் குட்டிகளோடு படுத்திருந்தது. மற்றொன்று அகராதியொன்றின்மேல் அமர்ந்து எங்களை மேலுங் கீழும் பார்த்தது. மாணவன் ஒருவன் சிரித்துக்கொண்டு, "ஐயா, இதுகளும் விற்பனைக்கோ?" என்றான். கடைக்காரப் பெரியவர் சிரிக்கவில்லை. "இல்லைத் தம்பி, இதுகள் எனக்குப் பங்காளியள். பகலிலை நான் காவல். இரவிலை இதுகள் காவல். இதுகள் இல்லாட்டி உங்களுக்கு வாசிக்க மட்டைதான் மிஞ்சும்" என்றார்.

அவ்விடை விளையாட்டாகச் சொல்லப்பட்டதன்று. பழந்தமிழர் இவ்விரு பிராணிகளையும் நன்கறிந்திருந்தனர். தொல்காப்பியம் மரபியலிலே இளமைப் பெயர்களைக் கூறும் பகுதியில், வெருகும் எலியும் ஒரே சூத்திரத்தில் அணிலோடும் மூங்காவோடும் சேர்ந்து நிற்கின்றன. நான்கின் இளமைக்கும் 'குட்டி' என்ற ஒரே பெயர் உரியதென்கிறது அச்சூத்திரம். இலக்கணத்திலே பகையின்றி ஒருங்கிருந்த பூனையும் எலியும், அவ்விலக்கணத்தைத் தாங்கிய ஏட்டுக்கட்டு இருந்த பரணிலே பகைகொண்டு போராடின என்பது வரலாற்றின் நகைச்சுவை.

ஓலைச்சுவடிக்குப் பகைவர் பலர். கறையான் அரிக்கும், இராமபாணப் பூச்சி துளைக்கும், எலி கறித்துக் கூடு கட்டும், மழைக்காலத்து ஈரம் உளுக்கச் செய்யும். முன்னோர் மஞ்சள் பூசினர், எண்ணெய் தடவினர், அடுப்பங்கரையின் புகையேறும் பரணிலே கட்டி வைத்தனர். ஆயினும், ஏட்டுக்கு உண்மையான காவல் அதனை மீண்டும் மீண்டும் பிரதி செய்வதே. பிரதி செய்வோர் அருகியபோது சுவடிகள் சாகத் தொடங்கின. 1832இல் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் பழஞ்சுவடிகளைத் தேடியெடுத்தபோது, தொட்ட ஏடு நொறுங்கிய நிலையைத் தம் பதிப்புரைகளிலே மனம் நொந்து எழுதினார். சேனாவரையர் உரையோடு தொல்காப்பியச் சொல்லதிகாரம் 1868இலும், பொருளதிகாரம் 1885இலும், கலித்தொகை 1887இலும் அவர் முயற்சியால் அச்சேறின. எலியையும் பூனையையும் ஒன்றாக வைத்துப் பேசும் மரபியல், அப்பொருளதிகாரத்தின் இறுதி இயலே. எலிக்கு இரையாகாமல் அது தப்பியது தமிழரின் நற்பேறு.

அச்சு வந்ததும் நூல் எல்லோர்க்கும் உரியதாயிற்று என்று பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. உண்மை அவ்வளவு எளிதன்று. 1820இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்துக்கு அழைத்த அச்சுத் தொழிலாளரை ஆங்கில ஆட்சி இத்தீவிலே தங்கவிடாது வெளியேற்றியது. 1834இலேயே மானிப்பாயில் அவர்களது அச்சகம் இயங்கத் தொடங்கியது. 1841இல் 'உதயதாரகை' பத்திரிகையும் 1842இல் மானிப்பாய் அகராதியும் தோன்றின. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் தமது அச்சுக்கூடத்தை நிறுவினார். சமயப் போட்டி இரு தரப்பு அச்சு இயந்திரங்களையும் விரைந்து ஓடச் செய்தது. தமிழ் உரைநடையும் அதனால் வளர்ந்தது. ஆனால், அந்நூல்கள் எந்த வீட்டுப் பெட்டகத்திலே சென்று தங்கின? நிலமும் சாதியும் உத்தியோகமும் உடையோர் வீட்டிலேயே. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களுக்கு அச்சு நூலும் ஏட்டுச் சுவடியைப் போலவே எட்டாத பரணில் இருந்தது.

இதனை மிகைக்கூற்றென்று எண்ண வேண்டா. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மாணவரும் ஏனையோரோடு சமமாக வாங்கிலே அமரலாம் என்ற நிலை 1929, 1930ஆம் ஆண்டுகளில் ஏற்பட்டபோது, அதனைப் பொறாதார் இக்குடாநாட்டிலே பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். புத்தகத்துக்கு நேர்ந்த தீயைப் பற்றி நாம் பேசும்போது இத்தீயையும் நெஞ்சிலே இருத்திப் பேசுவதே நேர்மை.

1945இல் இலவசக் கல்வி வந்தது. கட்டணத் தடை நீங்கியது. ஆனால் புத்தகத் தடை நீங்கவில்லை. அரசு பாடநூல்களை இலவசமாக வழங்கத் தொடங்கியது 1980இலேயாம். இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளும் கமக்காரனின் மகனும் சுருட்டுத் தொழிலாளியின் மகளும் எதைக் கொண்டு படித்தனர்? பழைய புத்தகத்தைக் கொண்டே படித்தனர். அண்ணன் படித்ததைத் தம்பி படித்தான். அயல்வீட்டு அக்காவின் புத்தகத்தை அரை விலைக்கு வாங்கித் தங்கை படித்தாள். முதற்பக்கத்திலே வெட்டப்பட்டும் எழுதப்பட்டும் நின்ற நான்கைந்து பெயர்கள், ஒரு பாடநூல் கடந்து வந்த குடும்பங்களின் வரலாற்றைச் சொல்லின. ஊர்தோறும் எழுந்த வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் இப்பணியின் மறுபக்கமாகும். தொடக்கப் பள்ளியைத் தாண்டாத டொமினிக் ஜீவா, சிகையலங்கார நிலையத்திலே தொழில் செய்துகொண்டே வாசித்தும் எழுதியும் வளர்ந்து, 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கி அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக நடத்தினார். இத்தகைய மனிதரை உருவாக்கியது பட்டமன்று. கைமாறி வந்த நூலே.

எலியைக் குறித்த கவலை நமக்கு மட்டும் உரியதன்று. இலண்டன் தபாற் பகுதியின் காசுக்கட்டளை அலுவலகத்தில் எலிகள் கடதாசிகளை அழித்தமையால், 1868இல் மூன்று பூனைகள் முறைப்படி வேலைக்கு அமர்த்தப்பட்டன. அவற்றின் உணவுக்கு வாரம் இரண்டு சிலிங் கேட்கப்பட்டது. மேலதிகாரி ஒரு சிலிங்கையே அனுமதித்தார். எஞ்சிய உணவைப் பூனைகள் எலிகளிலிருந்தே தேடிக்கொள்ள வேண்டும், எலி குறையாவிட்டால் படியும் குறைக்கப்படும் என்பது உத்தரவு! உலகின் பெருஞ்செல்வம் குவிந்த நகரிலே, முதலாளித்துவம் தொழிலாளியிடம் காட்டிய அதே கணக்கைப் பூனையிடமும் காட்டியது.

இதற்கு மாறான ஒரு காட்சியைப் பாரிஸ் நகரம் தருகிறது. சில்வியா பீச் என்னும் அம்மையார் 1919இல் அங்கே 'ஷேக்ஸ்பியர் அன்ட் கம்பனி' என்ற புத்தகசாலையைத் தொடங்கினார். வேறெவரும் துணியாத வேளையில், 1922இல் ஜேம்ஸ் ஜோய்ஸின் 'யுலிசிஸ்' நாவலை வெளியிட்டார். நாஜிப் படையின் ஆக்கிரமிப்பின்கீழ் 1941இல் அக்கடை மூடப்பட்டது. 1951இல் ஜோர்ஜ் விற்மன் என்ற அமெரிக்கர் செயின் நதிக்கரையிலே வேறொரு புத்தகசாலையைத் திறந்து, 1964இல் அதற்கு அப்பழைய பெயரையே சூட்டினார். சமவுடைமைக் கருத்தில் ஊறிய அவர், வழிப்போக்கரான இளம் எழுத்தாளர்களை அலுமாரிகளுக்கு இடையே உறங்க அனுமதித்தார். கடைவேலையிற் சிறிது உதவ வேண்டும், நாள்தோறும் வாசிக்க வேண்டும், தன்வரலாறு ஒரு பக்கம் எழுதித்தர வேண்டும் என்பனவே வாடகை. அங்கே வாழ்ந்த பூனைக்கு அவர் இட்ட பெயர் 'கிற்றி'. யூதச் சிறுமி ஆன் பிராங்க் மறைவிடத்திலிருந்து தன் நாட்குறிப்பிலே தோழியாக விளித்த பெயர் அது. 1933 மே 10ஆம் நாள் பெர்லின் நகர வீதியிலே நூல்களைக் கொளுத்தியவர்கள், பின்னர் அச்சிறுமியையும் முகாமுக்கு அனுப்பினர். நூலெரித்தோர் இறுதியில் மனிதரையும் எரித்தனர் என்பதை, புத்தகக் கடைப் பூனையொன்றின் பெயர் நினைவூட்டிக்கொண்டிருந்தது.

அந்நினைவு யாழ்ப்பாணத்தவர்க்கு அயலானதன்று. 1933இல் க. மு. செல்லப்பா அவர்கள் தம் வீட்டிலே தொடங்கிய சிறு நூல்நிலையம், 1934இல் 844 நூல்களுடன் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றுக்கு வந்தது. மக்களின் சிறு கொடைகளால் வளர்ந்து, 1959 அக்டோபர் 11ஆம் நாள் எழில்மிகு கட்டடத்திலே திறந்துவைக்கப்பட்டது. 1981 மே 31ஆம் நாள் நள்ளிரவை அண்டி அது கொளுத்தப்பட்டபோது அழிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும். அதே நாட்களில் 'ஈழநாடு' பணிமனையும் நகரின் கடைகளும் தீக்கிரையாயின. நூலகம் எரிவதைக் கண்ட அதிர்ச்சியால் பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் உயிர்நீத்தார். 1984இல் ஒரு பகுதி மீண்டும் திறக்கப்பட்டது. 1985இல் போர் அதனையும் சிதைத்தது. சென்னைக்குச் செல்லும் நம்மவர் பழைய நூல் தேடி அலைந்த மூர் மார்க்கெட்டும் அதே 1985ஆம் ஆண்டு மே மாதத்தில் எரிந்து போயிற்று. எலியை வெல்லப் பூனை போதும். தீப்பந்தம் ஏந்திய மனிதனை வெல்லப் பூனையால் ஆகாது. அது மக்களின் கடமை.

1990இன் பின் பொருளாதாரத் தடை வந்தது. அச்சிடக் கடதாசி இல்லாமற் போகவே, பத்திரிகைகளும் நூல்களும் கோடிட்ட கொப்பித்தாளில் அச்சாயின. புதிய நூல் வராத அக்காலத்திலே பழைய நூல் ஒன்றே நூல். ஆனால் 1995 அக்டோபர் 30ஆம் நாள் தொடங்கிய பேரிடப்பெயர்வில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளைத் துறந்து நடந்தபோது, எடுத்துச்செல்ல முடிந்தது ஒரு பையளவே. மாரிமழை கூரை வழியே இறங்கியது. அலுமாரிகளிலிருந்த புத்தகங்கள் ஊறிக் கட்டிபட்டன. மனிதர் நீங்கிய வீடுகளிலே பூனைகளும் நாய்களும் எஞ்சின.

போர் 2009இல் முடிந்தது. இன்று பழைய நூலுக்கு வந்துள்ள பகை ஆரவாரமற்றது. வெளிநாடு சென்ற பிள்ளைகள், பெற்றோர் மறைந்தபின் ஊர்வீட்டை விற்க வருகின்றனர். கதவும் நிலையும் தனித்தனி விலை பேசப்படுகின்றன. தந்தை நாற்பதாண்டு சேர்த்த நூல்களோ தராசிலே ஏற்றப்படுகின்றன. பழைய கடதாசி வாங்குபவனுக்கும் பழைய புத்தகம் வாங்குபவனுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் உள்ளது. முன்னவன் நிறையைப் பார்க்கிறான். பின்னவன் பெயரைப் பார்க்கிறான். முன்னவன் கையில் அகப்பட்ட நூல் கடலைச் சுருளாகிறது. பின்னவன் கையில் அகப்பட்டது இன்னொரு வாசகனைச் சென்று சேர்கிறது. வறுமையால் நிறை பார்ப்பவனை நாம் குறைகூறல் ஆகாது. பெயரைப் பார்க்கக் கற்றுக்கொடுக்காத கல்வியே குறைகூறத் தக்கது.

ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் என்பது, சீகாழியிற் பிறந்து உலகப் புகழெய்திய எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக நெறிகளிற் சேர்ந்தது. யாழ் பொதுநூலகத்துக்கும் ஆலோசனை வழங்கியவர் அவர். அந்நெறியைப் படித்தறியாமலே நாள்தோறும் நடைமுறைப்படுத்துபவர் பழைய புத்தகக் கடைக்காரர். 2005இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' எண்ணிம முயற்சி பல்லாயிரம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து எவரும் இலவசமாக வாசிக்கச் செய்துள்ளது. அப்பெரும்பணிக்கும் முதலில் ஒரு பிரதி வேண்டும்; அப்பிரதி எங்கோ ஒரு கடையில், எங்கோ ஒரு பரணில் இன்னும் பிழைத்திருக்க வேண்டும்.

எனவே ஆசிரியத் தோழர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் சொல்லத்தக்கது இதுவே. உங்கள் ஊரில் வீடொன்று வெறுமையாக்கப்படும்போது, தராசு வருமுன் நீங்கள் செல்லுங்கள். கட்டுகளை அவிழ்த்துப் பெயர்களைப் பாருங்கள். சிறு பிரசுரம், சங்க அறிக்கை, வேலைநிறுத்தத் துண்டறிக்கை, பாடசாலை மலர் ஆகியவற்றை அற்பமென்று ஒதுக்காதீர்கள். உழைக்கும் மக்களின் வரலாறு தடித்த மட்டை நூல்களிலன்று, அவற்றிலேதான் எழுதப்பட்டுள்ளது.

அன்று நாங்கள் கடையை விட்டுப் புறப்பட்டபோது, பூனையைக் கேலி செய்த அம்மாணவன், முன்னட்டை இழந்த ஒரு நூலை வாங்கிக் கையில் வைத்திருந்தான். அதன் ஓரம் முன்னெப்போதோ எலியாற் கறிக்கப்பட்டிருந்தது. ஆனால் எழுத்து ஒன்றும் போகவில்லை. அவன் பேருந்தில் அமர்ந்ததும் முதற்பக்கத்தைத் திருப்பினான். அங்கே முன்னரே மூன்று பெயர்கள் இருந்தன. அவற்றை வெட்டாமல், கீழே தன் பெயரை எழுதினான்.