பேரொலிச் சொற்களின் பிறப்பு

பள்ளி வரலாறு நம் அனைவருக்கும் மனப்பாடம். ஆகவே அதை மீண்டும் எழுதாமல், பள்ளி மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி, நான் பயின்றதும் பயிற்றியதுமான ஆங்கிலச் சொற்பிறப்பிலிருந்து, பேரொலியைக் குறிக்கும் சொற்கள் பற்றிய ஒரு பகுதியைக் காணிக்கையாக்குகிறேன்.

'பேங்', 'பூம்' முதலியவை நம் 'தடதட', 'மடமட' போன்ற ஒலிக்குறிப்புகள், ஆராய அதிகமில்லை. 'லவுட்' அப்படியன்று. பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லூட்' எனப்பட்ட அச்சொல்லின் வேருக்குக் 'கேட்டல்' என்பதே பொருள். அதே வேரில் வடமொழியில் பிறந்தது 'ச்ருதி'. நம் பாடகர் சேர்க்கும் சுருதியும் அதுவே. இரைச்சலைக் குறிக்கும் 'டின்' என்ற சொல்லுக்கு வடமொழி 'த்வனி' உறவு. அது தமிழில் 'தொனி' ஆயிற்று. 1786இல் கல்கத்தாவில் மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸ் வடமொழிக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் உள்ள உறவை எடுத்துரைத்தது எத்தனை பெரிய வாசலைத் திறந்துவிட்டது!

'நாய்ஸ்' கடலிலிருந்து வந்த சொல் என்பர் அறிஞர் பலர். கிரேக்கத்தில் 'நவுஸ்' என்றால் கப்பல்; அதிலிருந்து கடற்குமட்டலைக் குறிக்கும் 'நாசியா' பிறந்து லத்தீனுக்குப் போயிற்று. பழைய பிரெஞ்சில் அது சச்சரவும் கூச்சலும் ஆனது. அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தைத் தியானித்தவர்களுக்கு இம்மாற்றம் வியப்பளிக்காது. கப்பலில் பவுலடியார் உட்பட 276 பேர். 14 நாள் புயல். கப்பலுக்குள் குமட்டலும் கூக்குரலும் வேறுவேறாகவா இருந்திருக்கும்?

'அப்ரோர்' என்பதில் சிங்கத்தின் 'ரோர்' இல்லை. டச்சு மொழியின் 'ஒப்ரூர்', கிளர்ந்தெழும் கலகம். 1526இல் வேதாகமத்தின் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சிட்ட வில்லியம் டின்டேல், நடபடிகள் 21:38இல் இச்சொல்லை ஆண்டார். அப்பணிக்காகவே 1536இல் உயிரையும் கொடுத்தார். மாணவச் செல்வங்களே, அகராதியில் பொருளோடு நின்றுவிடாமல் சொற்பிறப்பு வரியையும் வாசியுங்கள்.

இறுதியாக 'பெட்லம்'. 1247இல் லண்டனில் பெத்லகேமின் புனித மரியாள் பெயரில் ஒரு மடம் நிறுவப்பட்டது. பின்னர் அது மனநோயாளர் விடுதியாயிற்று. ஊரார் நாவில் பெத்லகேம் 'பெட்லம்' எனத் தேய்ந்தது. உள்ளே அடைபட்டோரின் ஓலமே பெயரோடு ஒட்டிக்கொண்டு, 17ஆம் நூற்றாண்டில் எந்தக் கூச்சல் குழப்பத்துக்கும் அது சொல்லாயிற்று. எபிரேயத்தில் 'அப்பத்தின் வீடு' என்று பொருள்படும் ஊர். மேய்ப்பர்கள் இராவேளையில் தேடிப்போன ஊர். பாடத்தில் இச்சொல் வரும்போதெல்லாம் கரும்பலகையில் முதலில் 'பெத்லகேம்' என்று எழுதுவேன். அதன் கீழேதான் மற்றது.