போடி ரயிலும் மதுரை விமான நிலையமும்

தேனி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்க்காரர்களுக்கு விமானம் என்றால் மதுரை. சிலருக்குக் குமுளி மலையேறிக் கொச்சி. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவரை வழியனுப்ப ஒரு குடும்பமே வேன் பிடித்துக் கிளம்புவது இங்கே வழக்கம். இந்தப் பயணத்தை ரயிலால் டாக்ஸியிடமிருந்தும் பேருந்திடமிருந்தும் பறிக்க முடியுமா?

வேகத்தை மட்டும் பார்த்தால் முடியும் என்றே தோன்றும். மதுரையிலிருந்து அரசரடி நெரிசலைத் தாண்டி, செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகப் பேருந்து தேனியைச் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிறது. ரயிலோ அதே 75 கி.மீ. தூரத்தை ஒன்றேகால் மணி நேரத்துக்குள் கடந்துவிடும். ஆனாலும் மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் கூட்டம் குறையவில்லை.

காரணம் பாதையின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு மீட்டர்கேஜ் பாதை திறக்கப்பட்டபோது அதன் கண் மலைச்சரக்கின் மேல் இருந்தது. ஏலக்காய் போடிச் சந்தைக்கு வந்தது; மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழி கொட்டகுடிக்கு இறங்கியது. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். ஐம்பதுகளில் மீண்டும் போட்டார்கள். அகலப்பாதைக்காக 2010 இறுதியில் ரயில் நின்றது. தேனிக்கு அது திரும்பியது 2022 மே மாதத்தில், போடிக்கு 2023 ஜூன் 15இல். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு தலைமுறை ரயிலை எதிர்பார்க்காமலே வாழப் பழகிவிட்டது. கம்பம், கூடலூர், குமுளிப் பக்கம் பாதை எட்டிப்பார்த்ததே இல்லை. திண்டுக்கல்லிலிருந்து லோயர்கேம்ப்புக்கு ரயில் கேட்கும் கோரிக்கை பல பத்தாண்டுகளாகக் கோரிக்கையாகவே நிற்கிறது.

2023இல் போடிக்கு வந்த பாசஞ்சரின் நேரத்தைப் பார்த்தாலே யாருக்காக விடப்பட்டது என்ற கேள்வி எழும். காலை எட்டரை மணியளவில் மதுரையை விட்டுப் பத்தரைக்குப் போடி. மாலை ஆறு மணிக்குச் சற்று முன் போடியை விட்டு எட்டு மணிவாக்கில் மதுரை. காலையில் மதுரைக்குப் போய் மாலையில் வீடு திரும்பவேண்டிய தேனிக்காரருக்கு இது தலைகீழான நேரம். பகல் விமானத்தைப் பிடிக்கவேண்டியவருக்கோ பயனே இல்லை.

அப்படியே மதுரை சந்திப்பில் இறங்கினாலும் விமான நிலையம் இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, பெருங்குடிப் பக்கம் இருக்கிறது. கம்பத்துக்காரர் பெட்டியும் பையுமாகத் தேனியில் ஒருமுறை, மதுரையில் ஒருமுறை வண்டி மாறவேண்டும். நான்கு பேர் சேர்ந்தால் வாடகைக் கார் வீட்டு வாசலில் ஏற்றிப் புறப்பாட்டு வாயிலில் இறக்கிவிடும். இதில் யார் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று கேட்கவே வேண்டியதில்லை. விடியுமுன் ஏலத்தோட்டக் கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறும் ஜீப்புகள் இந்தப் பாடத்தை எப்போதோ கற்றுக்கொண்டன: ஆள் நிற்கிற இடத்துக்கு, ஆள் போகிற நேரத்துக்கு வண்டி வரவேண்டும்.

வேகம் மட்டும் போதாது என்றே மற்ற ஊர்களின் அனுபவமும் சொல்கிறது. பெங்களூரு விமான நிலையத்துக்கு அருகே 2021 ஜனவரியில் ரயில் நிறுத்தம் திறந்தார்கள். ரயில்கள் சொற்பம், முனையத்துக்கு இன்னொரு பேருந்து ஏறவேண்டும். பயணிகள் வாயு வஜ்ரா என்ற விமான நிலையப் பேருந்துகளை விடவில்லை. டெல்லியின் விமான நிலைய விரைவுத் தடம் 2011இல் தொடங்கி, மறு ஆண்டே கட்டுமானக் கோளாறால் ஆறு மாதம் மூடப்பட்டது. 2013இல் டெல்லி மெட்ரோ அதை எடுத்து நடத்தி, அடுத்தடுத்துக் கட்டணத்தைக் குறைத்த பிறகே கூட்டம் ஏறியது. டொரான்டோவிலும் 2015இல் 27.50 டாலராக இருந்த சீட்டை மறு ஆண்டே 12 டாலராக்க வேண்டி வந்தது. அங்கே ரயிலின் வேகம் மாறவில்லை, விலைதான் மாறியது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. போடியிலிருந்து வாரம் மூன்று நாள் சென்னை சென்ட்ரலுக்கு அதிவிரைவு ரயில் போகிறது. சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ ஏறினால் நேரே சென்னை விமான நிலையம். ஆக, ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள விமான நிலையத்துக்குத் தேனிக்காரர் தண்டவாளத்திலேயே போய்விடலாம். பக்கத்திலிருக்கும் மதுரை விமான நிலையத்துக்கு முடியாது.

அப்படியானால் மதுரை விமான நிலையத்துக்குக் கிளைப்பாதை போடலாமே என்று கேட்கலாம். அங்கே ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்துபோகிறார்கள். வருவோரையும் போவோரையும் சேர்த்தாலும் நாளுக்கு மூவாயிரத்துச் சொச்சம் பேர். இவர்களில் கம்பம் பள்ளத்தாக்குக்காரர் ஒரு பங்குதான். அந்தக் கூட்டத்துக்கு அடிக்கடி ரயில் விட்டால் பெட்டிகள் காலியாக ஓடும், எப்போதோ ஒன்று விட்டால் யாரும் காத்திருக்கமாட்டார்கள். திருமங்கலம்–ஒத்தக்கடை மெட்ரோவுக்கு எழுதிய திட்டமும் விமான நிலையத்தைத் தொடவில்லை.

ஆகவே இன்றைய நிலையில் சாலையே வெல்கிறது. ரயிலின் வேகக் குறைவால் அல்ல, ஒட்டுப்போட்ட பயணத்தால். செய்யவேண்டியவை பெரிய செலவு கேட்பவையும் அல்ல. கம்பத்திலிருந்து தேனி வழியாக மதுரை விமான நிலையத்துக்கு, விமான நேரம் பார்த்து ஒரு நேர்ப்பேருந்து முதலில் வேண்டும். போடியிலிருந்து விடியற்காலையில் புறப்படும் பாசஞ்சரும், அது மதுரை வந்து சேரும்போது சந்திப்பின் வாசலில் நிற்கும் விமான நிலையப் பேருந்தும் அடுத்து. இந்த இரண்டையும் ஓட்டிப் பார்க்காமல் கிளைப்பாதை கேட்டு மனுக் கொடுப்பது வீண்.