உரிமம் யார் கையில்? துருக்கியின் பாதுகாப்புத் தற்சார்பு குறித்து ஒரு மறுமதிப்பீடு

1952 முதல் நேட்டோ உறுப்பு நாடாக இருந்துவரும் துருக்கி, அக்கூட்டணி எதிரியாகக் கருதும் ரஷ்யாவிடமிருந்து எஸ்-400 வான்காப்பு ஏவுகணைகளை வாங்கியது. உக்ரைனுக்கு ட்ரோன்களை விற்றது. அதே வேளையில் ரஷ்யா மீதான மேற்குலகப் பொருளாதாரத் தடைகளில் சேர மறுத்தது. இருபுறமும் பேரம் பேசித் தன் சுதந்திரத்தைப் பெருக்கிக்கொண்ட நாடு என்று இதைப் பாராட்டுவோர் உண்டு. நம்பத் தகாத கூட்டாளி என்று கண்டிப்போரும் உண்டு. தரப்பு மாறி நிற்பதே தற்சார்பு என்ற அனுமானம் இரு சாராருக்கும் பொது. அந்த அனுமானம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். துருக்கியிடம் இன்றுள்ள தற்சார்பில் பெரும்பகுதி 1936-இல் கையெழுத்தான ஓர் உடன்படிக்கையிலிருந்தும், 1975 முதல் ஒவ்வொன்றாக எழுந்த தொழிற்கூடங்களிலிருந்தும் வந்தது. தரப்பு மாறிப் பார்த்த முயற்சி அதைக் குறைக்கவே செய்தது.

துருக்கியை மேற்குலகிடம் கொண்டுசேர்த்தது அச்சம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு சோவியத் அரசு நீரிணைகளில் தளமும், கார்ஸ், அர்தகான் பகுதிகளும் கேட்டது. கொரியப் போருக்கு ஒரு படையணியை அனுப்பிய பிறகே கூட்டணியின் கதவு துருக்கிக்குத் திறந்தது. ஆனால் ஏறத்தாழப் பத்தாண்டில் முதல் அடி விழுந்தது. 1962 கியூபா நெருக்கடியைத் தீர்க்க, துருக்கியில் நிறுத்தியிருந்த ஜூபிட்டர் ஏவுகணைகளை அகற்றுவதாக வாஷிங்டன் மாஸ்கோவிடம் இரகசியமாக ஒப்புக்கொண்டது. அங்காராவிடம் கலந்து பேசவே இல்லை. 1964 ஜூனில் சைப்ரஸில் தலையிட ஆயத்தமான பிரதமர் இஸ்மெத் இனோனுவுக்கு அமெரிக்க அதிபர் ஜான்சனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் இரண்டு எச்சரிக்கைகள் இருந்தன. துருக்கியின் தலையீட்டால் சோவியத் ஒன்றியம் குறுக்கிட்டால் நேட்டோ நாடுகள் துருக்கியைக் காக்கும் கடமை உண்டா என்பது ஐயத்துக்குரியது என்பது முதலாவது. அமெரிக்கா கொடுத்த ஆயுதங்களை அதன் இசைவின்றி இந்த நோக்கத்துக்குப் பயன்படுத்த முடியாது என்பது இரண்டாவது. வரலாற்றாசிரியர்கள் முதல் எச்சரிக்கையைப் பற்றியே மிகுதியாக எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதுதான் ஆழமானது என்பது என் கருத்து. கூட்டாளி உதவிக்கு வருவாரா என்பது போர் மூளும் நாளில் மட்டும் எழும் கேள்வி. கையிலிருக்கும் ஆயுதம் நம்முடையதா என்ற கேள்வியோ அமைதிக் காலத்திலும் நாள்தோறும் உடனிருப்பது.

1974-இல் துருக்கி சைப்ரஸில் படையிறக்கியபோது அந்த எச்சரிக்கை நடைமுறைக்கு வந்தது. 1975 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் ஆயுத விற்பனைக்குத் தடை விதித்தது. பதிலுக்குத் துருக்கி தன் மண்ணிலிருந்த அமெரிக்க நிலையங்களின் செயல்பாட்டை நிறுத்தியது. 1978-இல் தடை நீங்கியது, ஆனால் அதன் விளைவு நீங்கவில்லை. சைப்ரஸ் போரின்போது தகவல்தொடர்புக் குழப்பத்தால் துருக்கி விமானங்கள் தம் கடற்படையின் கோஜாடெபே நாசகாரிக் கப்பலையே மூழ்கடித்திருந்தன. அடுத்த ஆண்டே இராணுவ வானொலிக் கருவிகள் செய்ய அசெல்சான் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1985-இல் பாதுகாப்புத் தொழிலுக்கெனத் தனி அரசு அமைப்பு உருவானது. உலகம் வியக்கும் பைரக்தார் டிபி-2 ட்ரோன் திடீரென்று வானத்திலிருந்து குதித்ததல்ல. ஆயுதம் தாங்கிய ட்ரோன்களை விற்க அமெரிக்கா மறுத்த காலத்தின் பிள்ளை அது. 2020-இல் நாகோர்னோ-கராபாக் போரையொட்டி அதன் கேமராக்களின் ஏற்றுமதியைக் கனடா நிறுத்தியபோது, அசெல்சானின் உள்நாட்டுக் கேமரா அந்த இடத்துக்கு வந்தது. மறுக்கப்பட்டதைச் செய்து பழகுவது துருக்கியில் அரை நூற்றாண்டு மரபாகிவிட்டது.

அந்த மரபுக்கும் ஓர் எல்லை உண்டு: எஞ்சின். பாகிஸ்தான் 2018-இல் துருக்கியின் 30 டி-129 தாக்குதல் ஹெலிகாப்டர்களுக்கு ஒப்பந்தம் செய்தது. அவற்றின் எஞ்சினுக்கு அமெரிக்க ஏற்றுமதி உரிமம் கிடைக்கவில்லை. காத்துச் சலித்த பாகிஸ்தான் சீனாவிடம் போனது. துருக்கியின் அல்தாய் டாங்கிக்கு ஜெர்மானிய எஞ்சின் கிடைக்காமல் ஆண்டுகள் வீணாயின. கடைசியில் தென்கொரியா கைகொடுத்தது. ஒரு நாட்டின் தற்சார்பை அளக்க அதன் ஆயுத ஏற்றுமதித் தொகையைப் பார்ப்பது போதாது. எத்தனை உறுப்புகளின் உரிமம் பிறர் கையிலிருக்கிறது என்று எண்ண வேண்டும்.

எஸ்-400 விவகாரத்தை இந்த அளவுகோலால் பார்க்க வேண்டும். வான்காப்பு ஏவுகணை தேடிய துருக்கி தொழில்நுட்பப் பகிர்வையும் கேட்டது; அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைக்கான பேச்சுவார்த்தை அதில் முட்டி நின்றது. 2013-இல் சீன ஏவுகணையைத் தெரிவுசெய்து 2015-இல் கைவிட்டது. 2016 ஜூலை இராணுவக் கலகத்தில் தன் விமானப்படையின் விமானங்களே தலைநகரில் குண்டு வீசியதைக் கண்ட ஆட்சி, அடுத்த ஆண்டு ரஷ்யாவோடு ஏறத்தாழ 250 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. அந்த அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் விலை என்ன? 2019 ஜூலையில் அங்காரா அருகே முர்தெத் தளத்தில் முதல் பாகங்கள் இறங்கிய சில நாட்களில் அமெரிக்காவின் எஃப்-35 போர்விமானத் திட்டத்திலிருந்து துருக்கி நீக்கப்பட்டது. ஏறத்தாழ 100 விமானங்களை வாங்கத் திட்டமிட்டிருந்த நாடு அது. அவ்விமானத்தின் 900-க்கும் மேற்பட்ட பாகங்களைத் துருக்கி நிறுவனங்கள் செய்துவந்தன. 2020 டிசம்பரில் அதன் பாதுகாப்புத் தொழில் அமைப்பின் மீதே அமெரிக்கத் தடை விழுந்தது. எஃப்-35பி விமானங்களை மனத்தில் வைத்துக் கட்டிய அனதோலு போர்க்கப்பலுக்கு ட்ரோன்களே கிடைத்தன. வாங்கிய ஏவுகணைகளோ நேட்டோவின் வான்காப்பு வலையோடு இணையாமல் தனித்து நிற்கின்றன; அவற்றின் உதிரிபாகங்களுக்கு இனி மாஸ்கோவை எதிர்பார்க்க வேண்டும். உரிமம் தருவோர் பட்டியலில் ஒரு பெயர் கூடியது. எந்தப் பெயரும் குறையவில்லை.

இந்தியாவும் 2018-இல் இதே ஏவுகணைகளை வாங்கியது. அதன்மீது தடை விழவில்லை. சீனாவைச் சமாளிக்க இந்தியா வேண்டும் என்ற அமெரிக்கக் கணக்கு அதற்கு ஒரு காரணம். இந்தியா எந்த இராணுவக் கூட்டணியிலும் உறுப்பாக இல்லாததால், முறிப்பதற்கு எஃப்-35 போன்ற கூட்டுத் திட்டமும் இருக்கவில்லை என்பது இன்னொன்று. கூட்டணிக்கு உள்ளே இருந்துகொண்டு தரப்பு மாறும் நாடு, வெளியே நிற்கும் நாட்டைவிட அதிக விலை கொடுக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் ஒப்பீடுகள் இந்த வேறுபாட்டைக் காணத் தவறுகின்றன.

தரப்பு மாறுவதல்ல, நீரிணைகளே துருக்கியின் வலிமையான அரண். 1936 ஜூலை 20-இல் கையெழுத்தான மான்ட்ரூ உடன்படிக்கை, பொஸ்போரஸ், டார்டனெல்ஸ் வழியாகப் போர்க்கப்பல்கள் செல்வதை ஒழுங்குசெய்யும் பொறுப்பைத் துருக்கியிடம் ஒப்படைத்தது. கருங்கடல் கரையில் இல்லாத நாடுகளின் போர்க்கப்பல்களுக்கு மொத்த எடை வரம்பு உண்டு. 21 நாட்களுக்கு மேல் அவை அங்கே தங்கக் கூடாது. 2008-இல் ஜார்ஜியப் போரின்போது அமெரிக்கா தன் பெரிய மருத்துவக் கப்பல்களை அனுப்ப விரும்பியும் இந்த வரம்பே குறுக்கே நின்றது. 2022 பிப்ரவரி இறுதியில் உக்ரைன் மீதான படையெடுப்பைப் போர் என்று அறிவித்து, உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவின்படி போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்களுக்கு வழியை மூடியது துருக்கி. கரையோர நாடுகளோ பிறவோ, எந்த நாடும் போர்க்கப்பலை அனுப்ப வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. அந்த ஏப்ரலில் ரஷ்யாவின் மாஸ்க்வா போர்க்கப்பல் கருங்கடலில் மூழ்கியபோது, அதே வகையைச் சேர்ந்த இரு ரஷ்யக் கப்பல்கள் மத்தியதரைக் கடலில் இருந்தும் அதன் இடத்துக்கு வர முடியவில்லை. ஒரு குண்டும் சுடாமல் போரின் போக்கையே துருக்கி பாதித்தது. அதற்காக மாஸ்கோ அதைப் பழிவாங்கவும் இல்லை. விதி இரு தரப்புக்கும் ஒன்றாக இருந்ததே காரணம். 2021 ஏப்ரலில், இஸ்தான்புல் கால்வாய்த் திட்டத்தையொட்டி உடன்படிக்கையின் எதிர்காலம் விவாதத்துக்கு வந்தபோது, ஓய்வுபெற்ற நூற்றுக்கும் மேற்பட்ட அட்மிரல்கள் அதைக் காக்கக் கோரி அறிக்கை விட்டார்கள், சிலர் கைதானார்கள். தம் நாட்டின் பலம் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஸ்வீடனின் நேட்டோ நுழைவைத் தாமதித்ததால் எஃப்-16 கிடைத்ததே என்று ஒருவர் மறுக்கலாம். 2024 ஜனவரி 23-இல் துருக்கி நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. மூன்று நாளில் 40 புதிய எஃப்-16 விமானங்களின் விற்பனைக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை இசைந்தது. மெய்தான். ஆனால் அதே நாளில் கிரீஸுக்கு எஃப்-35 விற்கவும் அது இசைந்தது. இருபது மாதப் பேரத்தின் முடிவில் துருக்கி பெற்றது முந்தைய தலைமுறை விமானம். ஏஜியன் கடலின் எதிர்க்கரைக்குக் கிடைத்தது, துருக்கி தானே பாகங்கள் செய்து கொடுத்த விமானம்.

அடுத்த சோதனை இப்போது நடக்கிறது. துருக்கியின் சொந்தப் போர்விமானமான கான் 2024 பிப்ரவரி 21-இல் முதன்முறையாகப் பறந்தது. அதைத் தூக்கிச் சென்றவை ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்-110 எஞ்சின்கள். 2025-இல் இந்தோனேசியா 48 கான் விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில், கானுக்கான எஞ்சின்கள் அமெரிக்க நாடாளுமன்ற ஒப்புதலுக்குக் காத்திருப்பதாக வெளியுறவு அமைச்சர் ஹக்கான் ஃபிதான் வெளிப்படையாகச் சொன்னார். உள்நாட்டு எஞ்சின் இன்னும் உருவாக்க நிலையில்தான் இருக்கிறது. அது ஆயத்தமாகும் வரை, அந்த 48 விமானங்களும் ஜகார்த்தா போய்ச் சேருமா என்பதை அங்காரா தனியாக முடிவுசெய்ய முடியாது.