கார்டுக்கு எதற்கு காலாவதி தேதி?

மருந்துக்குக் காலாவதி தேதி போடுகிறார்கள், புரிகிறது. பிஸ்கட் பாக்கெட்டுக்கும் புரிகிறது. ஒரு பிளாஸ்டிக் அட்டைக்கு எதற்கு? வங்கியில் குப்பை கொட்டும் என்னிடம் பலர் கேட்கும் கேள்வி இது. கொஞ்சம் சரித்திரம் பேசினால்தான் பதில் கிடைக்கும்.

1950-இல் அமெரிக்காவில் டைனர்ஸ் கிளப் ஆரம்பித்தபோது கார்டு வெறும் காகித அட்டைதான். பிளாஸ்டிக் பிறகு வந்தது. எண்ணும் பெயரும் புடைத்து நிற்கும். கடைக்காரர் அதை ஒரு சின்ன இயந்திரத்தில் வைத்து, மேலே கார்பன் ஸ்லிப்பைப் போட்டு 'டர்ரக்' என்று இழுப்பார். ஒவ்வொரு விற்பனைக்கும் வங்கிக்கு போன் போட முடியாது. அதனால் சிறிய தொகையென்றால் கேட்காமலே கொடுத்துவிடலாம். அப்படியானால் தொலைந்த கார்டு, திருட்டுக் கார்டு? அந்த எண்களை அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்பினார்கள். காலாவதி தேதி இல்லையென்றால் அந்தப் பட்டியல் அனுமார் வால் மாதிரி நீண்டுகொண்டே போகும். தேதி முடிந்த எண்ணைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். அதாவது, அந்தத் தேதி முதலில் வந்தது வங்கியின் பாதுகாப்புக்காக. நமக்காக அல்ல.

நம் சம்மதத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1958-இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ ஊரில் சுமார் 60,000 பேருக்குக் கேட்காமலே கார்டுகளைத் தபாலில் அனுப்பியது. இப்படி அனுப்புவதை அமெரிக்கா 1970-இல்தான் சட்டம் போட்டுத் தடுத்தது.

இந்தியாவில் வங்கி கிரெடிட் கார்டு என்றால் 1980-இல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா கொண்டுவந்ததுதான் முதல். ஆனால் ஃப்ரெஸ்னோ கூத்து நம் ஊருக்கு வந்தது 2000-களில். பெங்களூரில் அப்போது ஐ.டி. கம்பெனி வாசல்களில் டை கட்டிய பையன்கள் நிற்பார்கள். "லைஃப்டைம் ஃப்ரீ சார்!" கேட்காத கார்டுகள் வீடு தேடி வந்தன. 2005 நவம்பரில் ரிசர்வ் வங்கி, கேட்காமல் கார்டு கொடுக்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது.

பெங்களூரில் இன்னொரு வேடிக்கை. இங்கே கார்டுக்கு முன்னால் வங்கியே காலாவதியாகிவிடும்! வைஸ்யா பேங்க் ஐ.என்.ஜி. வைஸ்யாவாகி, 2015-இல் கோடக்கில் கரைந்தது. 1913-இல் பிறந்த மைசூர் பேங்க், 2017 ஏப்ரலில் ஸ்டேட் பேங்கில் கலந்தது. (ஆட்டோக்காரருக்கு அந்த இடம் இன்னும் 'மைசூர் பேங்க் சர்க்கிள்'தான்.) எம்.ஜி. ரோட்டில் தலைமையகம் வைத்திருந்த விஜயா பேங்க், 2019-இல் பேங்க் ஆஃப் பரோடாவோடு சேர்ந்தது. சிட்டி பேங்கின் இந்திய சில்லறை வணிகம் 2023 மார்ச் 1 அன்று ஆக்சிஸுக்குப் போனது. 2024 ஜூலைக்குள் அதன் கார்டுக்காரர்கள் எல்லோரும் ஆக்சிஸ் வாடிக்கையாளர்கள். தேதி முடிந்ததால் அல்ல, முதலாளி மாறியதால் கார்டு மாறியது.

இந்தக் கதையெல்லாம் எதற்கு என்றால், பிளாஸ்டிக்கும் கணக்கும் ஒன்று என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். "தேதி முடிந்தது சார், வெட்டிப் போட்டுவிட்டேன்" என்பார்கள். வெட்டியது அட்டையை மட்டும்தான். எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவன் பி.டி.எம். லேஅவுட்டில் பி.ஜி.யில் இருந்தபோது ஒரு கார்டு வாங்கினான். பிறகு வீடு மாறினான், செல் நம்பர் மாறினான். புதுக் கார்டு பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பியது. கணக்கில் வருடக் கட்டணம் 500 ரூபாய் ஏறியது, அதற்கு ஜி.எஸ்.டி., தாமதக் கட்டணம், வட்டி. 2019-இல் வீட்டுக் கடனுக்கு வந்து நின்றபோது சிபில் அறிக்கையில் அவன் பாக்கிக்காரன். ஒரு சாயாகூட அந்தக் கார்டில் குடித்ததில்லை அவன். பாக்கியைக் கட்டி, பதிவு சரியாகி, கடன் கிடைப்பதற்குள் அவன் பார்த்துவைத்த ஃப்ளாட் கைமாறிவிட்டது.

2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகள் இங்கேதான் முக்கியம். ஒரு வருடத்துக்கு மேல் கார்டைப் பயன்படுத்தவில்லை என்றால், வங்கி தகவல் சொல்லிவிட்டு மூடும் வேலையைத் தொடங்க வேண்டும். பாக்கி இல்லாதவர் மூடச் சொன்னால் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் உங்களுக்கு. சம்மதமில்லாமல் கோல்டை பிளாட்டினமாக்கிப் பணம் பிடித்தால், அதைத் திருப்பித் தருவதோடு அதைப் போல இரண்டு மடங்கு அபராதமும் உண்டு. 2024 மார்ச்சில் வந்த திருத்தம் புதுப்பிப்பதற்கும் வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்றது. வங்கியைக் காக்க அச்சடித்த தேதி, எழுபது வருடம் கழித்து வாடிக்கையாளர் 'வேண்டாம்' என்று சொல்லும் தேதியாகிவிட்டது. வங்கிக்காரனாக இருந்தாலும் எனக்கு இதில் சந்தோஷமே.

இன்னொன்றும் உண்டு. 2024 செப்டம்பர் 6 முதல் பெரிய வங்கிகளில் புதுப்பிக்கும்போது விசாவா, மாஸ்டர்கார்டா, ரூபேயா என்று நீங்களே கேட்டு வாங்கலாம். என்னிடம் வரும் இளைஞர்கள் பலர் ரூபே கேட்கிறார்கள். ஏன் என்றால், கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யோடு இணைத்து, தர்ஷினியில் இட்லி-வடைக்கும் ஸ்கேன் செய்யலாமாம்!