துளை விழுந்த பிஸ்டனும் ஈயம் கலந்த பெற்றோலும்

நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்களும் கராஜில் வேலை செய்யும் தம்பிமாரும் ஆறுதலாக வாசியுங்கள்.

1923 ஜூலை 2. பிரான்ஸின் தூர் நகரத்தில் கிராண்ட் பிரி பந்தயம். இத்தாலியின் ஃபியட் கொம்பனி மூன்று கார்களை இறக்கியது. 2 லீற்றர், எட்டு சிலிண்டர், அதோடு ஒரு புதுச் சாமான்: சூப்பர்சார்ஜர். சாதாரண எஞ்சின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினின் சுழற்சியிலேயே ஓடும் ஒரு காற்றுப் பம்பி. அது காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும். காற்று கூடினால் எரிபொருளும் கூட்டலாம், பலமும் கூடும்.

வேகத்தில் ஃபியட்தான் முன்னுக்கு ஓடியது. ஆனால் மூன்றில் ஒன்றும் பந்தயத்தை முடிக்கவில்லை. காற்று புகும் வாயில் தடுப்பு எதுவும் இல்லாததால், சூப்பர்சார்ஜர் பாதையின் புழுதியையும் கல்லையும் சேர்த்து உறிஞ்சியதே பெரிய காரணம். வெற்றி பிரித்தானிய சன்பீம் காருக்குப் போனது. செப்டெம்பரில் மொன்சாவில் வேறு வகை சூப்பர்சார்ஜரோடு வந்த ஃபியட்டில் சலமானோ வென்றார். சூப்பர்சார்ஜர் பூட்டிய கார் ஒன்று கிராண்ட் பிரியை வென்றது அதுவே முதல் தடவை.

புழுதிக்கு வடிகட்டி போடலாம். சூட்டுக்கு என்ன செய்வது?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பியின் அடி சுடுவதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்போம். அதே கதைதான். அமுக்கப்பட்ட காற்று சூடாகவே சிலிண்டருக்குள் போகிறது. அங்கே பிஸ்டன் அதை இன்னும் நெருக்குகிறது. பிளக் மூட்டிய தீ பரவி முடிவதற்குள், மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடுகிறது. அதுதான் நொக். உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் வரும்.

இதையும் முன்கூட்டிப் பற்றுவதையும் அந்தக் காலத்தில் பலர் ஒரே நோய் என்றே நினைத்தார்கள். முன்கூட்டிப் பற்றுவது வேறு: பிளக் தீப்பொறி விடுமுன்பே, சிவந்து சுடும் கரித்துண்டோ வால்வோ கலவையை மூட்டிவிடுவது. கேம்பிரிட்ஜில் பேராசிரியர் ஹொப்கின்சனிடம் படித்த ஹரி ரிக்கார்டோ இரண்டையும் பிரித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர். முதல் உலகப் போருக்குப் பின், அழுத்த விகிதத்தை மாற்றி மாற்றி ஓட்டக்கூடிய ஒரு சோதனை எஞ்சினைச் செய்தார். எஞ்சின் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதைப் பெரும்பாலும் எரிபொருளே தீர்மானிக்கிறது என்று அது காட்டியது.

இந்தப் பிரிவினை இன்றும் கராஜில் உதவுகிறது. நீலப் புகை, மூச்சுக்குழாயால் ஒயில் கக்குவது, ஒரு சிலிண்டரில் மட்டும் கொம்பிரஷன் குறைவது, பிளக்கின் நுனியில் சின்னச் சின்ன அலுமினிய மணிகள் ஒட்டியிருப்பது. இவை கண்டால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். பிஸ்டன் தலையின் ஓரம் மணல் அடித்ததுபோல் அரித்து, ரிங்குகளுக்கு இடைப்பட்ட பகுதி உடைந்திருந்தால் அது பெரும்பாலும் நொக்கின் வேலை. நடுவில் உருகித் துளை விழுந்திருந்தால் முன்கூட்டிப் பற்றியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அலுமினியம் 660 பாகையில் உருகும்; பிஸ்டன் கலவை அதற்கும் முன்பே இளகத் தொடங்கும்.

இதைப் பார்க்காமல் புதுப் பிஸ்டனை மட்டும் போட்டு மூடுவது காசைக் கரியாக்கும் வேலை. பெற்றோல் போதாமல் போகிறதா, இன்ஜெக்டர் அடைத்திருக்கிறதா, தீப்பொறி முந்துகிறதா, யாரோ பெல்ட் சக்கரத்தை மாற்றி அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறார்களா? காரணம் அங்கேதான் இருக்கும். உறுதியான ஃபோர்ஜ்ட் பிஸ்டன் போட்டால் சரி என்பார்கள். அது கொஞ்சம் தாமதமாக உடையும், அவ்வளவுதான்.

பென்ட்லியின் கதையும் இதுவே. தன் எஞ்சினுக்கு சூப்பர்சார்ஜர் பூட்டுவதை டபிள்யூ. ஓ. பென்ட்லி விரும்பவே இல்லை. பேர்கின் பிடிவாதமாகப் பூட்டினார். 1930 லு மான் பந்தயத்தில் ஓடிய இரண்டு சூப்பர்சார்ஜர் பென்ட்லிகளும் முடிக்கவில்லை. சூப்பர்சார்ஜர் இல்லாத பென்ட்லிகள் முதலாம் இரண்டாம் இடங்களை எடுத்தன.

அமெரிக்காவில் வேறொரு மருந்து கண்டுபிடித்தார்கள். 1921 டிசெம்பரில் ஜெனரல் மோட்டர்ஸின் தோமஸ் மிட்ஜ்லி, பெற்றோலில் துளியளவு ஈயச் சேர்மம் கலந்தால் நொக் அடங்குவதைக் கண்டார். அது கடைக்கு வந்ததும் அதே 1923இல்தான். அடுத்த வருடம் நியூ ஜேர்சி ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் ஈய நஞ்சேறிச் செத்தார்கள். மிட்ஜ்லி பத்திரிகையாளர் முன் அந்தத் திரவத்தால் கை கழுவிக் காட்டினார்! ஈயம் நஞ்சு என்பது அதற்கு முன்பே உலகறிந்த விஷயம். பிஸ்டன்கள் தப்பின. புகையோடு வெளியேறிய ஈயம் பிள்ளைகளின் இரத்தத்தில் ஏறியது. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், கற்கும் திறனைக் குறைக்கும்.

இன்றைய எஞ்சின்களில் நொக்கைக் கேட்டுத் தீப்பொறியைப் பின்தள்ளும் சென்சர் இருக்கிறது. பெற்றோல் ஷெட்டில் ஈயமில்லாத 95 கிடைக்கிறது. இலங்கையில் ஈயப் பெற்றோல் நின்றது 2002இல். உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. இன்று நம்மோடு ஆசிரியர் அறையில் இருக்கும் முப்பது வயதுக்காரர்கள் எல்லோரும் அந்தப் புகையில் பாடசாலைக்கு நடந்து போனவர்கள்தான்.