கதை இலாகா முதல் குறும்படம் வரை: தமிழ்த் திரை இயக்குநரும் எழுத்தாளரும் உருவான வழிகள்

1948-இல் வெளியான 'சந்திரலேகா'வுக்குக் கதை எழுதியவர் என்று ஒருவரைச் சுட்ட முடியாது. கே. ஜே. மகாதேவன், கொத்தமங்கலம் சுப்பு, சங்கு சுப்பிரமணியம், நைனா, கிட்டு ஆகியோர் அடங்கிய ஜெமினி கதை இலாகா அதற்கு உரிமை கொண்டது. இயக்குநர், ஸ்டூடியோவின் முதலாளி எஸ். எஸ். வாசன். 31 ஆண்டுகள் கழித்து வந்த 'சுவரில்லாத சித்திரங்கள்' (1979) படத்தில் எழுத்தும் இயக்கமும் ஒருவரிடமே சேர்ந்துவிட்டன. அவர் கே. பாக்யராஜ்; சற்று முன்புவரை பாரதிராஜாவின் உதவி இயக்குநர். இந்த இரண்டு படங்களுக்கும் இடையில் நடந்தது ரசனை மாற்றம் மட்டுமன்று. ஓர் இளைஞன் இயக்குநராகவோ கதாசிரியராகவோ ஆவதற்கான வழியே இடம் மாறியது. கற்றுக்கொள்ளும் காலத்தில் அவனுக்குச் சோறு போட்டது யார், கதை யார் வசம் இருந்தது என்ற இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த மாற்றம் தெளிவாகிறது.

முதல் தலைமுறை

பேசும் படத்தின் தொடக்க ஆண்டுகளில் இயக்குநர் ஆவதற்கென்று ஒரு பாதை இல்லை. பல திசைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ராஜா சாண்டோ உடற்பயிற்சி வீரர். பம்பாய் மௌனப் படங்களில் நடித்துப் பெயரெடுத்துத் திரும்பியவர். அவரோடு பணியாற்றிப் படத்தொழிலுக்குள் வந்த கே. சுப்பிரமணியம் வழக்கறிஞர், 'பவளக்கொடி' (1934) வழியாக இயக்குநரானார். எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்காவில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்துவிட்டு, உடன் படித்த மாணிக் லால் டாண்டனின் அழைப்பில் வந்து, தமிழ் தெரியாமலே 'சதி லீலாவதி' (1936), 'அம்பிகாபதி' (1937) ஆகியவற்றை எடுத்தார். டி. பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து நடிகையாக வந்து, தம் நாவலையே 'மிஸ் கமலா' (1936) என்று படமாக்கினார்.

இயக்குநருக்கு மொழி தெரியாத இடத்தில் எழுதுபவருக்கு மதிப்புக் கூடியது. 'அம்பிகாபதி'க்கு வசனம் எழுதிய இளங்கோவன் 'மணிக்கொடி' இதழ் வட்டத்து எழுத்தாளர். அவருடைய செந்தமிழ் நடையும் 'கண்ணகி' (1942) படத்தின் வெற்றியும் வசனகர்த்தா என்ற தனித் தொழிலுக்குக் கால் ஊன்ற இடம் கொடுத்தன. படம் பார்க்கப் போனவர்கள் வசனத்துக்காகவும் போனார்கள் என்பது இந்தக் கட்டத்தில்தான் தொடங்குகிறது.

சம்பளம் தந்த ஸ்டூடியோ

1940-களிலும் 50-களிலும் ஸ்டூடியோதான் பள்ளிக்கூடம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி. ஆர். சுந்தரம் எழுத்தாளர்களை வேலைக்கு வைத்திருந்தார். மு. கருணாநிதி, கண்ணதாசன் போன்றவர்கள் அங்கே எழுதினார்கள். பாரதிதாசனின் எழுத்தும் அங்கே படமானது. ஜூபிடர் நிறுவனத்துக்காக ஏ. எஸ். ஏ. சாமி இயக்கிய 'ராஜகுமாரி'யில் (1947) கருணாநிதி வசனத்தில் பங்கேற்றார். அடுத்து வந்த 'அபிமன்யு'வில் (1948) உழைத்தும் அவர் பெயர் திரையில் வரவில்லை. நான்கே ஆண்டுகளில் 'பராசக்தி' (1952) வந்தது. வசனம் புத்தகமாக விற்றது, இசைத்தட்டில் ஒலித்தது, கதாநாயகனுக்கு நிகராக எழுதியவரின் பெயரும் பேசப்பட்டது. பெயர் விடுபட்ட நிலையிலிருந்து இந்த உயரத்துக்கு நான்கு ஆண்டுகளில் ஓர் எழுத்தாளர் வந்து சேர்ந்தது தமிழ் சினிமாவில் அதன்பின் அபூர்வம்.

ஸ்டூடியோவின் மற்றொரு வாசல் எடிட்டிங் அறை. 'பராசக்தி'யை எடுத்த கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையரில் பஞ்சு படத்தொகுப்பாளர். அவர்களிடம் எடிட்டிங்கில் உதவியாளராக இருந்த ஏ. பீம்சிங்தான் பின்னாளில் 'பாசமலர்' (1961) தந்தவர். எஸ். பி. முத்துராமனும் ஏவிஎம் எடிட்டிங் பிரிவில் தொடங்கி, உதவி இயக்குநராகிப் பல ஆண்டுகள் கழித்து 'கனிமுத்துப் பாப்பா' (1972) மூலம் இயக்குநரானார். ஒரு காட்சிக்கு எத்தனை அடி ஃபிலிம் போதும், எந்த ஷாட் வெட்டில் நிற்கும், எது குப்பைக்குப் போகும் என்பதைத் தினமும் கையால் தொட்டுப் படித்தவர்கள் இவர்கள். குறித்த நாளில் குறித்த செலவில் படத்தை முடிப்பவர் என்ற பெயர் முத்துராமனுக்குக் கடைசிவரை நிலைத்ததற்கு இந்தப் பயிற்சியே அடிப்படை என்று கருதுகிறேன்.

மேடையும் ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தது. சி. வி. ஸ்ரீதர் எழுதிய 'ரத்தபாசம்' நாடகமாகி, படமாகி (1954), அவரைத் திரைக்கதை ஆசிரியராக்கியது. 'கல்யாணப் பரிசு' (1959) அவரை இயக்குநராக்கியது. கே. பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலக ஊழியர். மாலையில் சபா நாடகம், பகலில் கணக்கு. 'தெய்வத்தாய்' (1964) படத்துக்கு வசனம் எழுதிய மறு ஆண்டே 'நீர்க்குமிழி'யை இயக்கினார். ஸ்ரீதருக்கும் பாலசந்தருக்கும் உதவி இயக்குநராக நீண்டகாலம் காத்திருக்க வேண்டி வரவில்லை. பார்வையாளர் முன் ஏற்கெனவே சோதித்துப் பார்த்த கதை கையில் இருந்தது. தயாரிப்பாளருக்கு அதுவே உத்தரவாதம். பத்திரிகையும் அவ்வாறே உதவியது. ஜே. மகேந்திரன் சினிமா விமர்சகராக, 'துக்ளக்' செய்தியாளராக, 'தங்கப்பதக்கம்' போன்றவற்றின் எழுத்தாளராகப் பன்னிரண்டு ஆண்டுகள் எழுதிய பிறகே 'முள்ளும் மலரும்' (1978) எடுத்தார். வசனத்தால் பெயர் பெற்ற அவர், இயக்குநரானதும் வசனத்தைக் குறைத்தது ஆழ்ந்து ஆராயத்தக்கது.

ஸ்டூடியோ சரிந்தபின்: குருவின் நிழல்

சுந்தரம் 1963-இலும் வாசன் 1969-இலும் மறைந்தார்கள். படப்பிடிப்பு ஸ்டூடியோ தளத்தை விட்டு வெளியூர்களுக்குப் போனது. மாதச் சம்பளம் தந்த நிறுவனங்கள் வாடகைத் தளங்களாக மாறின. சின்னப்பா தேவர் போன்ற சில தயாரிப்பாளர்கள் மட்டும் தூயவன் முதலிய எழுத்தாளர்களைக் கொண்டு கதை இலாகாவைக் காப்பாற்றி வந்தார்கள். மற்ற இடங்களில் பயிற்சியின் பொறுப்பு நிறுவனத்திடமிருந்து தனிமனிதரான இயக்குநரிடம் போனது.

அந்தப் பரம்பரையின் ஒரு கிளையை மட்டும் பார்ப்போம். பி. ஆர். பந்துலுவிடம் பயின்றவர் கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகல். அவரிடம் பணியாற்றியவர் சுகாதார ஆய்வாளர் வேலையை விட்டுவிட்டுத் தேனிப் பக்கமிருந்து வந்த பாரதிராஜா. அவரிடம் மணிவண்ணன், மணிவண்ணனிடம் விக்ரமன், விக்ரமனின் 'புது வசந்தம்' (1990) படத்தில் உதவியவர் கே. எஸ். ரவிகுமார், அவரிடம் சேரன், சேரனிடம் பாண்டிராஜ். 'வீரபாண்டிய கட்டபொம்ம'னின் (1959) இயக்குநரிலிருந்து 'பசங்க' (2009) வரை அரை நூற்றாண்டு, எட்டுப் பேர். இவர்களுடைய படங்களில் பொதுப் பாணி என்று எதுவும் இல்லை. தளத்தை நடத்தும் முறையும், நடிகருக்குக் காட்சியைச் சொல்லிக்கொடுக்கும் முறையும், கதையைச் சொல்லியே வாய்ப்புப் பெறும் பழக்கமும்தான் கைமாறி வந்தன.

அந்தக் கல்வி நடந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் கையில் முதலில் வருவது கிளாப் பலகை. காட்சி எண்ணும் ஷாட் எண்ணும் டேக் எண்ணும் சாக்கட்டியில் எழுதி, அடித்துவிட்டு ஃபிரேமைவிட்டு ஓட வேண்டும். அடுத்த நிலை கன்டினியூட்டி நோட்டு: கதாநாயகி எந்தக் கையில் குடத்தை எடுத்தாள், சட்டையில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது, தேநீர் டம்ளர் எவ்வளவு காலியாக இருந்தது. மூன்று வாரம் கழித்து எடுக்கப்போகும் அடுத்த ஷாட்டுக்கு அந்தக் குறிப்புதான் ஆதாரம். அதற்கும் மேலே சீன் பேப்பர் படியெடுப்பது, நடிகருக்கு வசனம் சொல்லிக்கொடுப்பது, டப்பிங்கில் உட்காருவது. எல்லாவற்றுக்கும் மேல் டிஸ்கஷன். ஓர் அறையில் இயக்குநரும் உதவியாளர்களும் நாள் முழுதும் உட்கார்ந்து கதையைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பார்கள். அங்கே ஒரு சீன் சொல்லி எல்லோரையும் நிமிர வைத்தவனை இயக்குநர் கவனிப்பார். '16 வயதினிலே'யில் (1977) உதவியாளராக இருந்த பாக்யராஜ் 'கிழக்கே போகும் ரயில்' (1978) படத்துக்கு வசனகர்த்தாவாகவும், 'புதிய வார்ப்புகள்' (1979) படத்தில் நாயகனாகவும் உயர்ந்தார். மணிவண்ணன் 'நிழல்கள்' (1980) படத்துக்கு எழுதிவிட்டே இயக்கத்துக்கு வந்தார்.

இந்த முறையின் பெருமையை மறுக்க இயலாது. கிராமத்திலிருந்து பட்டமும் பின்புலமும் இல்லாமல் வந்தவர்களுக்கு அது கதவைத் திறந்தது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அதை இந்தத் துறையின் வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு எழுதவில்லை. பேட்டா எனும் தினப்படி வந்தால் உண்டு, படம் நின்றால் அதுவும் இல்லை என்ற நிலையில் ஏழெட்டு ஆண்டுகள் தாக்குப்பிடிக்க முடிந்தவர்தான் தேறினார். வடபழனி, சாலிகிராமத்து அறைகளில் நான்கைந்து பேராகத் தங்கி, இரவு பகல் பாராமல் தளத்தில் நிற்கும் இந்த வாழ்க்கை ஆண்களை மட்டுமே மனத்தில் வைத்து அமைந்தது. பானுமதி ('சண்டிராணி', 1953), சாவித்திரி ('குழந்தை உள்ளம்', 1969), சுஹாசினி ('இந்திரா', 1995) ஆகியோர் நட்சத்திரங்களான பிறகே இயக்கத்துக்கு வர முடிந்தது. மணிரத்னத்திடம் பணியாற்றிய வி. பிரியா ('கண்ட நாள் முதல்', 2005), சுதா கொங்கரா ('துரோகி', 2010) போன்றவர்கள் உதவி இயக்குநர் வழியாகவே வந்தபோது புத்தாயிரம் பிறந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை எத்தனை திறமைகள் வாசலிலேயே நின்றிருக்கும் என்பது வலிக்கும் கேள்வி.

குரு தன் சிஷ்யனுக்கு முதலீட்டாளராகவும் ஆனது 2000-க்குப் பின் நடந்த முக்கியமான திருப்பம். ஷங்கரின் எஸ் பிக்சர்ஸ், அவரிடம் பயின்ற பாலாஜி சக்திவேலின் 'காதல்' (2004), வசந்தபாலனின் 'வெயில்' (2006), அறிவழகனின் 'ஈரம்' (2009) ஆகியவற்றைத் தயாரித்தது. 'பசங்க'வைத் தயாரித்தவர், பாலாவிடம் பயின்று 'சுப்பிரமணியபுரம்' (2008) எடுத்த சசிகுமார். பா. ரஞ்சித்தின் நீலம் நிறுவனம், ராமிடம் பயின்ற மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தைத் தந்தது. மாரி செல்வராஜின் கதையை வழக்கமான தயாரிப்பாளர் ஒருவர் அதே வடிவில் ஏற்றிருப்பாரா என்பது ஐயம்தான். சாதியைப் பற்றி நேராகப் பேசும் படம் வருவதற்கு, அதே நோக்கமுடைய இயக்குநர் ஒருவர் பணப்பெட்டியருகே இருக்க வேண்டியிருந்தது.

கல்லூரி

சென்னைத் திரைப்படக் கல்லூரி ஒளிப்பதிவாளர்களையே அதிகம் தந்தது, பி. சி. ஸ்ரீராம் ஒரு சான்று. அங்கிருந்து ருத்ரய்யா 'அவள் அப்படித்தான்' (1978) எடுத்தார். ஆபாவாணனும் அரவிந்தராஜும் அவர்களுடைய சகமாணவர்களும் 'ஊமை விழிகள்' (1986) தந்தார்கள். ஆனால் கல்லூரிச் சான்றிதழ் நேராக இயக்குநர் நாற்காலிக்குக் கொண்டுபோகவில்லை. புனேயில் ஒளிப்பதிவு படித்த மட்டக்களப்புக்காரரான பாலு மகேந்திராகூட ஒளிப்பதிவாளராகப் பெயர் பெற்ற பிறகே இயக்கினார். பின்னர் அவரே ஒரு கல்லூரியானார்: பாலா, ராம், வெற்றிமாறன், சீனு ராமசாமி அனைவரும் அவரிடமிருந்து வந்தவர்கள். சிறுகதை படிப்பதை அவர் உதவியாளர்களுக்குக் கட்டாயப் பாடமாக்கினார்; தமிழ்ச் சிறுகதைகளைத் தொலைக்காட்சிக்குப் படமாக்கிய அவருடைய 'கதை நேரம்' அந்தப் பாடத்தின் செய்முறை.

சின்னத்திரையும் குறும்படமும்

தொலைக்காட்சி முதலில் சினிமாக்காரர்களின் இரண்டாம் வீடாக இருந்தது. பாலசந்தர் 'ரயில் சினேகம்' எடுத்தார். அவருடைய மின்பிம்பங்கள் நிறுவனம் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, 'மர்மதேசம்' தந்தது. 1993-இல் சன் டிவி வந்தபின் தொடர் ஒரு தனித் தொழிலாயிற்று. ஆனால் அங்கிருந்து சினிமாவுக்குப் போகும் வழி குறுகியே இருந்தது. 'மெட்டி ஒலி' (2002) திருமுருகன் 'எம் மகன்' (2006) உட்பட இரண்டு படங்கள் எடுத்துவிட்டு 'நாதஸ்வரம்' (2010) தொடருக்குத் திரும்பினார். தினம் ஒரு பகுதி என்ற ஓட்டத்தில் கற்ற வேகம் அவருக்கு வீணாகவில்லை. அதே தொடரின் ஆயிரமாவது பகுதியை ஒரே ஷாட்டில் நேரலையாக ஒளிபரப்பினார். சினிமா உலகம் சின்னத்திரை அனுபவத்தைத் தகுதியாக எண்ணாதது நியாயமற்றது.

ஃபிலிம் இருந்த காலத்தில் ஒரு புதியவனை நம்பிச் சுருள்களைக் கொடுப்பது செலவான சூதாட்டம். நீண்ட உதவி இயக்குநர் காலம் அந்த அச்சத்துக்கான மருந்தாக இருந்தது. டிஜிட்டல் கேமரா அந்த அச்சத்தைக் குறைத்தது. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் காட்டியவர்களில் மென்பொருள் பொறியாளரான கார்த்திக் சுப்பராஜ் 'பீட்சா' (2012) எடுத்தார். நலன் குமரசாமி 'சூது கவ்வும்' (2013). ராம்குமார் தம் குறும்படத்தையே 'முண்டாசுப்பட்டி' (2014) ஆக விரித்தார். இந்த மூன்றையும் தயாரித்தவர் சி. வி. குமார். கதை கேட்டுத் தயாரிப்பாளர் முடிவெடுத்த வழக்கம் போய், படம் பார்த்து முடிவெடுக்கும் வழக்கம் வந்தது. வங்கி ஊழியராக இருந்த லோகேஷ் கனகராஜ் 'மாநகரம்' (2017) வரை வந்ததும் இதே பாதையில்தான்.

எழுத்தாளர் எங்கே போனார்?

இத்தனை வழிகளும் இயக்குநர் நாற்காலியை நோக்கியே போகின்றன. எழுத்தை மட்டும் தொழிலாகக் கொள்ள விரும்புபவருக்கு 1980-களுக்குப் பின் நிலையான இடம் இல்லாமல் போனது. கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் என்று ஒரே பெயர் வருவது தகுதியின் அடையாளமாக எண்ணப்பட்டதால், டிஸ்கஷனில் பிறர் சொன்ன காட்சிகளும் அந்த ஒரே பெயருக்குள் போயின. பஞ்சு அருணாசலம் போன்று எழுத்தை நம்பி நின்றவர்கள் தயாரிப்பிலும் இறங்கினார்கள். பாலகுமாரன், சுஜாதா, எஸ். ராமகிருஷ்ணன், ஜெயமோகன் முதலியோர் இலக்கியத்தில் அடைந்த பெயரோடு வந்தவர்கள். சினிமாவுக்குள்ளேயே வளர்ந்த எழுத்தாளர்கள் அல்லர்.

உரிமைச் சிக்கல்களின் வேர் இங்கேதான் இருக்கிறது. 2018-இல் 'சர்கார்' படத்தின் கதை தம்முடையது என்று உதவி இயக்குநர் ஒருவர் முறையிட்டார். தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத் தலைவராக இருந்த பாக்யராஜ், முறையிட்டவர் சங்கத்தில் பதிவு செய்திருந்த 'செங்கோல்' கதையோடு ஒற்றுமை இருப்பதாகச் சொன்னார். விவகாரம் நீதிமன்றம் வரை போய், படத்தில் அந்த உதவி இயக்குநருக்கு நன்றி தெரிவிப்பதென்ற உடன்பாட்டில் முடிந்தது. முன்கூட்டிப் பதிவு செய்த ஒரு தாள்தான் அந்த இளைஞருக்குத் துணை நின்றது. பதிவு செய்யாமல் டிஸ்கஷன் அறையில் வாய்மொழியாகச் சொன்னவர்களுக்கு அந்தத் துணையும் இல்லை.

இணையத் தொடர் இதில் ஒரு நகர்வை உண்டாக்கியிருக்கிறது. 2022-இல் அமேசான் பிரைமில் வந்த 'சுழல்' தொடரை உருவாக்கி எழுதியவர்கள் 'விக்ரம் வேதா' இயக்குநர்களான புஷ்கர்–காயத்ரி. அதை இயக்கியவர்கள் பிரம்மாவும் அனுசரணும். எட்டுப் பகுதிகளையும் தாங்கி நிற்பது எழுத்து என்பதால், எழுதியவர்கள் தலைமையில் இருக்க, இயக்குநர்கள் பகுதிகளைப் பிரித்துக்கொண்டார்கள். ஆனால் அந்தத் தலைமையும் வெற்றிப் படம் தந்த இயக்குநர்களுக்கே கிடைத்தது. ஒரு படமும் இயக்காத எழுத்தாளரை நம்பி ஒரு தொடரை ஒப்படைக்கும் தயாரிப்பு நிறுவனங்கள் பெருகினால்தான், எழுத வருபவர் எழுத்தாளராகவே இருந்து பிழைக்க முடியும்.