நீலச் சட்டையும் சாம்பல் சட்டையும்: அமெரிக்கப் போர் மறுநடிப்பின் வரலாறு

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 ஏப்ரலில் தொடங்கி 1865இல் முடிந்தது. அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்துபோன தென் மாநிலங்களும், நாடு பிளவுபடாமல் காக்க நின்ற வட மாநிலங்களும் மோதிய அந்தப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். அந்தச் சண்டைகளை அதே உடையோடும் அதே வகைத் துப்பாக்கிகளோடும் வார இறுதி நாட்களில் மீண்டும் நடத்திக் காட்டுவது அமெரிக்காவில் ஒரு பொழுதுபோக்காக நிலைபெற்றிருக்கிறது. ஆசிரியர், தச்சர், வழக்கறிஞர், ஓய்வுபெற்ற படையினர் எனப் பலதரப்பட்டவர்கள் கூலி ஏதும் வாங்காமல், தங்கள் செலவிலேயே இதில் பங்கேற்கிறார்கள். நடந்த போரை அமெரிக்கர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் எப்படி நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்பதையும் இந்தப் பழக்கத்தின் வரலாறு காட்டுகிறது. சட்டைப் பொத்தானைத் துல்லியமாக்குவதில் விரைந்து முன்னேறிய மறுநடிப்பு, போரின் காரணத்தைத் துல்லியமாகச் சொல்வதற்கு நெடுங்காலம் எடுத்துக்கொண்டது.

முதியவர்களின் கைகுலுக்கல்

மறுநடிப்பின் தொடக்கம் போரில் நின்றவர்களிடமே இருக்கிறது. வடக்குப் படையின் முன்னாள் வீரர்கள் 1866இல் இலினாய் மாநிலத்தில் 'கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக்' என்ற சங்கத்தை நிறுவினர். தெற்குப் படையினருக்கு 1889இல் ஒரு பொதுச் சங்கம் உருவானது. பழைய தோழர்கள் கூடாரமடித்துத் தங்கும் கூட்டங்களில் ஊரார் பார்க்கப் பொய்ச்சண்டை நடத்திக் காட்டுவதும் உண்டு. வெற்று வேட்டுகள் வெடிக்க, ஒரு குன்றையோ வேலியையோ பிடிப்பதுபோல் அணிகள் ஓடும்.

இவ்வகைக் கூட்டங்களில் பெரியது 1913 ஜூலையில் பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க்கில் நடந்தது. அங்கே 1863 ஜூலை 1 முதல் 3 வரை நடந்த சண்டையின் ஐம்பதாம் ஆண்டு அது. இரு தரப்பிலிருந்தும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் வந்து தங்கினர். சண்டையின் மூன்றாம் நாளில் ஏறத்தாழ 12,500 தென்னாட்டு வீரர்கள் திறந்த வயல்வெளியைக் கடந்து ஒரு கல்மதிலை நோக்கிப் பாய்ந்து, ஏறக்குறையப் பாதிப்பேரை இழந்து பின்வாங்கியிருந்தனர். 'பிக்கெட்டின் பாய்ச்சல்' என்று பெயர்பெற்ற அந்தத் தாக்குதலின் வழியில் எஞ்சியிருந்தவர்களில் சிலர் 1913 ஜூலை 3 அன்று மீண்டும் நடந்தார்கள். மதிலை எட்டியதும், எதிர்ப்பக்கம் காத்திருந்த பழைய எதிரிகளோடு கைகுலுக்கினார்கள்.

காண்போரை நெகிழவைத்த நிகழ்ச்சி இது. ஆயினும் அந்த நாட்களின் பேச்சில் வீரமும் சகோதரத்துவமும் மட்டுமே இடம்பெற்றன. அடிமை முறையும், விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் நிலையும் ஒதுக்கிவைக்கப்பட்டன. ஜூலை 4 அன்று அங்கே உரையாற்றிய குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனின் அரசு, அதே ஆண்டில்தான் நடுவண் அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரிக்கத் தொடங்கியிருந்தது. இரு தரப்பு வீரமும் ஒன்றே, எதற்காகப் போரிட்டார்கள் என்பதைப் பேச வேண்டாம் என்ற இந்த உடன்பாடு அடுத்த அரை நூற்றாண்டுக்கு மறுநடிப்பின் அடித்தளமாக இருந்தது.

படையினரும் நூற்றாண்டு விழாவும்

போரில் நின்றவர்கள் மறைந்துகொண்டிருந்தபோது, சண்டையை நடத்திக் காட்டும் வேலை இராணுவத்தின் கைக்கு வந்தது. 1922இல் ஆயிரக்கணக்கான மரீன் படையினர் கெட்டிஸ்பர்க் வந்து பிக்கெட்டின் பாய்ச்சலை முதலில் பழைய முறைப்படியும், பின்னர் விமானம், டாங்கி போன்ற புதிய கருவிகளோடும் நடத்தினர். குடியரசுத் தலைவர் வாரன் ஹார்டிங் நேரில் வந்து பார்த்தார். அது படையினருக்கான பயிற்சியாகவும் பொதுமக்களுக்கான காட்சியாகவும் அமைந்தது.

பொழுதுபோக்காக இதில் ஈடுபட்ட முதல் தலைமுறை பழைய துப்பாக்கிகளின் மேல் கொண்ட ஆசையால் உருவானது. 1950இல் தொடங்கிய வடக்கு-தெற்கு துப்பாக்கிச் சுடும் சங்கத்தினர், போர்க்காலச் சீருடை அணிந்து, அக்காலத் துப்பாக்கிகளால் உண்மையான குண்டுகளைக்கொண்டு இலக்குகளைச் சுடும் போட்டிகளை நடத்தினர். வர்ஜீனியாவின் வின்செஸ்டர் அருகே அவர்களுக்குச் சொந்தமான சுடுகளம் இன்றும் இயங்குகிறது. போரின் நூற்றாண்டு விழா வந்தபோது சீருடையும் துப்பாக்கியும் பழகிய இவர்களைப் போன்றவர்களே களத்தில் இறங்கினர்.

அந்த விழாவின் பெரிய காட்சி 1961 ஜூலையில் வர்ஜீனியாவின் மனாஸஸில் நடந்தது. 1861 ஜூலை 21இல் அங்கே முதல் பெருஞ்சண்டை நடந்தபோது, வாஷிங்டனிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினர்களும் பிறரும் சாப்பாட்டுக் கூடைகளோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தனர். நூறு ஆண்டு கழித்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கடும் வெயிலில் அந்தச் சண்டையை நடித்தனர், பல்லாயிரம் பேர் பார்த்தனர். உடைகள் பெரும்பாலும் கடையில் வாங்கிய வேலைச் சட்டைகளுக்குச் சாயம் போட்டவை. வீரர்களின் உயிர் போன இடத்தில் திருவிழாக் கூட்டமும் தின்பண்டக் கடைகளுமா என்று கண்டனம் எழுந்தது. நூற்றாண்டு விழா ஆணையத்தின் தலைமையை அவ்வாண்டு இறுதியில் ஏற்ற வரலாற்றறிஞர் ஆலன் நெவின்ஸ் இத்தகைய காட்சிகளை எதிர்த்தார். எதிரெதிர் அணிகள் சுட்டுக்கொள்ளும் சண்டைக் காட்சிகளுக்குத் தேசியப் பூங்காத் துறை தன் நிலங்களில் தடை விதித்தது. பாசறை வாழ்க்கையையும் சுடும் முறையையும் விளக்கிக் காட்டுவதற்கு மட்டும் அனுமதி உண்டு. இத்தடை இன்றும் நீடிப்பதால் பெரும்பாலான மறுநடிப்புகள் உண்மையான போர்க்களத்துக்கு அருகிலுள்ள தனியார் பண்ணை நிலங்களில் நடக்கின்றன.

அதே 1961இல் இன்னொரு நிகழ்வும் நாட்டின் கவனத்துக்கு வந்தது. ஆணையத்தின் கூட்டம் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் நடக்கவிருந்தது. நியூ ஜெர்ஸியின் பிரதிநிதியாக வந்த ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அங்கே விடுதி அறை மறுக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் கென்னடி தலையிட்டதால் கூட்டம் கடற்படைத் தளத்துக்கு மாற்றப்பட்டது. போரின் நினைவைக் கொண்டாடும் மேடையில், அந்தப் போரால் விடுதலை பெற்றவர்களின் வழித்தோன்றலுக்கு இடமில்லை என்பதை நாடு முழுவதும் கண்டது.

ஒரு வார இறுதியின் நடைமுறை

1970களிலும் 80களிலும் மறுநடிப்புக்கு ஒழுங்கான நடைமுறைகள் அமைந்தன. போரில் இருந்த ஏதேனும் ஒரு ரெஜிமென்ட்டின் (படைப்பிரிவின்) பெயரை ஒரு குழு எடுத்துக்கொள்ளும். வெள்ளி மாலை வந்து வெள்ளைத் துணிக் கூடாரங்களை அடிப்பார்கள். சனி காலையில் அணிவகுப்பு, ஆயுதச் சோதனை, பயிற்சி, பிற்பகலில் சண்டை. இரவில் நெருப்பைச் சுற்றிப் பாட்டும் பேச்சும். ஞாயிறன்று இன்னொரு சண்டை முடிந்ததும் கூடாரம் கலையும். ஒரு தரப்பில் ஆள் குறைந்தால், மறுதரப்பினர் சிலர் சட்டையை மாற்றிக்கொண்டு அந்தப் பக்கம் நிற்பார்கள். அதனால் பலரிடம் வடக்கின் நீலமும் தெற்கின் சாம்பலுமாக இரண்டு சட்டைகளும் இருக்கும்.

உடை, துப்பாக்கி, காலணி, தோள்பை என ஒருவர் முழுமையாக ஆயத்தமாவதற்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். ஜூலை வெயிலிலும் கம்பளிச் சட்டைதான். துப்பாக்கிகள் பெரும்பாலும் இத்தாலியில் செய்யப்படும் நகல்கள். அமெரிக்காவின் 1861 ஸ்பிரிங்ஃபீல்டும் இங்கிலாந்தின் 1853 என்ஃபீல்டும் அதிகம் காணப்படுகின்றன. உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் பயன்படுத்திய இந்த என்ஃபீல்டுக்காகச் செய்த கொழுப்புத் தடவிய தோட்டாதான் 1857இல் இந்தியச் சிப்பாய்களின் கிளர்ச்சிக்குப் பொறியாக அமைந்தது. பல்லால் காகிதத்தைக் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டும் அந்த முறையையே மறுநடிப்பாளர்களும் பின்பற்றுகிறார்கள்.

அவர்களுடைய காகிதத் தோட்டாவில் கருமருந்து மட்டுமே இருக்கும், குண்டு இருக்காது. ஆயினும் வெளிவரும் நெருப்பும் எரியாத துகளும் அருகில் இருப்பவரைக் காயப்படுத்தக்கூடியவை. எனவே விதிகள் கடுமையானவை. சண்டைக்கு முன் ஒவ்வொரு குழலிலும் கெட்டிக்கும் கம்பியைப் போட்டுப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் குழல் காலி, ஒலி மங்கினால் உள்ளே ஏதோ இருக்கிறது. களத்தில் அந்தக் கம்பியை வெளியே எடுப்பதில்லை. மறந்து உள்ளேயே விட்டுச் சுட்டால் அதுவே அம்பாகிவிடும். நெருங்கிய தூரத்தில் எதிரியின் தலைக்கு மேலேதான் குறி வைக்க வேண்டும். யார், எப்போது விழ வேண்டும் என்பது சில குழுக்களில் முன்பே முடிவாகியிருக்கும். மற்றவற்றில் தோட்டா தீர்ந்தவரோ களைத்தவரோ முதலில் விழுவார்.

துல்லியம் எந்த அளவுக்கு வேண்டும் என்பதில் மறுநடிப்பாளர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. சிலர் குளிர்பெட்டியைப் போர்வைக்கு அடியில் மறைத்து வைத்துக்கொள்வார்கள். சிலர் தையலின் நூலிழைவரை பழைய முறையில் செய்து, காய்ந்த ரொட்டியும் உப்பிட்ட பன்றியிறைச்சியும் தின்று, கூடாரமின்றித் தரையில் படுப்பார்கள். இவர்களுடைய தேடலால் அக்காலத் துணி, சாயம், தோல் வேலை பற்றிய நுட்பமான அறிவு சேர்ந்தது.

உச்சமும் கேள்விகளும்

1988இல் கெட்டிஸ்பர்க்கின் 125ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். 1990இல் இந்தப் போரைப் பற்றிய கென் பர்ன்ஸின் தொலைக்காட்சித் தொடர் கோடிக்கணக்கானோரை ஈர்த்தது. 1993இல் வெளிவந்த 'கெட்டிஸ்பர்க்' திரைப்படத்தின் படைகளாக நின்றவர்கள் மறுநடிப்பாளர்களே. 1998இல் 135ஆம் ஆண்டு நிகழ்ச்சி பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோருடன் இந்தப் பொழுதுபோக்கின் உச்சமாக அமைந்தது.

இதே காலத்தில், விடுபட்டவர்களும் களத்துக்கு வந்தனர். வடக்குப் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் இருந்தனர். 1863 ஜூலையில் சார்ல்ஸ்டன் அருகே வாக்னர் கோட்டையைத் தாக்கிய 54ஆம் மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட்டின் கதையை 1989இல் 'குளோரி' திரைப்படம் சொன்னது. அதன் பின் அந்த ரெஜிமென்ட்டின் பெயரில் கறுப்பின மறுநடிப்பாளர் குழுக்கள் வலுப்பெற்றன. அதே 1989இல், ஆண் வீரர் உடையில் வந்த ஒரு பெண்ணை ஆன்டீடம் போர்க்களப் பூங்கா நிகழ்ச்சியிலிருந்து வெளியேற்றினார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். தடை செல்லாது என்று 1993இல் தீர்ப்பு வந்தது. ஆண் வேடத்தில் போரிட்ட நூற்றுக்கணக்கான பெண்களைப் பற்றிய ஆய்வுக்கு இது ஊக்கம் தந்தது. நியூயார்க்கின் 153ஆம் ரெஜிமென்ட்டில் லயன்ஸ் வேக்மன் என்ற பெயரில் இருந்து, 1864இல் நோயால் இறந்த சாரா ரோசெட்டா வேக்மனின் கடிதங்கள் 1994இல் நூலாயின.

2013இல் கெட்டிஸ்பர்க்கின் 150ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளுக்குப் பின் கூட்டம் குறையத் தொடங்கியது. மூத்தவர்கள் ஓய்ந்தனர், அவர்களின் இடத்துக்குப் போதிய இளைஞர்கள் வரவில்லை. 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் கறுப்பின வழிபாட்டாளர்கள் ஒன்பது பேர் சுட்டுக்கொல்லப்பட்டதும், 2017இல் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவாதிகளின் பேரணியில் நடந்த வன்முறையும், போரில் தெற்குப் படை ஏந்திய கொடியின் பொருளைக் கேள்விக்குள்ளாக்கின. 2017 அக்டோபரில் சீடர் கிரீக் சண்டையின் மறுநடிப்பின்போது களத்தில் ஒரு குழாய் வெடிகுண்டு கண்டெடுக்கப்பட்டது.

2019 நவம்பரில் லூசியானாவில் நூற்றுக்கணக்கானோர் வேறொரு படையெடுப்பை நடத்தினர். 1811இல் அங்கே அடிமைகள் ஆயுதமேந்தி நியூ ஆர்லியன்ஸை நோக்கிப் புறப்பட்ட கிளர்ச்சியை, டிரெட் ஸ்காட் என்ற கலைஞரின் ஏற்பாட்டில் இரண்டு நாட்கள் நடந்து காட்டினர். அக்கால உடை, ஆயுதம், அணிவகுப்பு எல்லாம் மறுநடிப்பின் பழைய வழிமுறைகளே. இம்முறை யாருடைய விடுதலைக்காக என்பது முதல் அடியிலேயே சொல்லப்பட்டது.

படைவீரரின் சுமையும் பசியும் சட்டையின் கனமும் ஏட்டில் மட்டும் படித்தால் புரிவதில்லை. அதை உடலால் அறியச் செய்வதும், போர்க்கள நிலங்களைக் காக்க நிதி திரட்டித் தருவதும் மறுநடிப்பின் உறுதியான பயன்கள். பொத்தானுக்கும் தையலுக்கும் காட்டும் அக்கறையைப் போரின் காரணத்துக்கும் காட்டும்போதுதான் அது வரலாறு என்ற பெயருக்குத் தகுதி பெறுகிறது.